தண்ணீர்க் கட்டணம் கூடினால் பழி யார் மீது?

வீட்டில் தண்ணீர்க் கட்டணம் திடீரென்று கூடிவிட்டால், "யார் இவ்வளவு தண்ணீரைக் கொட்டியது?" என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. மாமியார் மருமகளைப் பார்க்கிறார். மருமகள் பணிப்பெண்ணைப் பார்க்கிறார். அறையை வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகளில், வாடகைக்கு இருப்பவர் எத்தனை முறை துணி துவைக்கிறார் என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். வாசலுக்கு வெளியே இருக்கும் மீட்டரை மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

விலைவாசி பற்றிய கலந்துரையாடல் எதுவானாலும், தண்ணீர்க் கட்டணம் அதில் கட்டாயம் வந்துவிடும். கட்டணம் ஏன் உயர்ந்தது? நாம் கொடுக்கும் பணம் எதற்குப் போகிறது? குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்துகொண்டால், சிங்கப்பூரில் வாழும் ஒரு குடும்பம் வீண் செலவையும் வீண் சண்டையையும் தவிர்க்கலாம்.

பட்டியலில் மூன்று பகுதிகள்

மாதந்தோறும் வரும் பயனீட்டுக் கட்டணப் பட்டியலில் தண்ணீருக்கான தொகை மூன்று பகுதிகளாக இருக்கும். முதலாவது, தண்ணீரின் விலை. இரண்டாவது, 1991ஆம் ஆண்டில் அறிமுகமான நீர்ச் சேமிப்பு வரி. மூன்றாவது, நாம் பயன்படுத்திய தண்ணீரைக் கால்வாய்க் குழாய்கள் வழியே கொண்டு சென்று சுத்திகரிக்கும் செலவுக்கான தொகை.

2025 ஏப்ரல் முதல் தேதி நடப்புக்கு வந்த கட்டணப்படி, மாதம் 40 கன மீட்டர் வரை ஒரு கன மீட்டருக்கு 3.24 வெள்ளி. அதில் தண்ணீர் விலை 1.43 வெள்ளி. அந்த விலையில் பாதி, அதாவது சுமார் 72 காசு, நீர்ச் சேமிப்பு வரி. பயன்படுத்திய நீருக்கான தொகை 1.09 வெள்ளி. பொருள் சேவை வரி இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். 2023ஆம் ஆண்டில் வீடுகளில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 141 லிட்டர் பயன்படுத்தினார். அந்தக் கணக்கில் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் சுமார் 17 கன மீட்டர் ஆகும். தொகை ஏறத்தாழ 55 வெள்ளி. உங்கள் வீட்டுப் பட்டியலை இந்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 40 கன மீட்டரைத் தாண்டினால், கூடுதலாகப் பயன்படுத்தும் தண்ணீருக்கு விலையும் அதிகம், வரியும் அதிகம். கூட்டுக் குடும்பங்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்று காசுத் தண்ணீர் ஏன் மூன்று வெள்ளி ஆகிறது?

"ஜோகூரிடம் ஆயிரம் காலன் மூன்று காசுக்கு வாங்குகிறோமே, பிறகு ஏன் இவ்வளவு விலை?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜோகூர் ஆற்றிலிருந்து நாள்தோறும் 25 கோடி காலன் வரை சிங்கப்பூர் எடுக்கலாம். ஆயிரம் காலனுக்கு மூன்று மலேசியக் காசு என்றால், முழு அளவையும் எடுத்தாலும் ஒரு நாளைக்கு 7,500 ரிங்கிட்தான் ஆகும். ஆனால் அது ஆற்று நீரின் விலை மட்டுமே. அதைச் சுத்திகரிப்பதற்கும், எல்லை கடந்து கொண்டு வருவதற்கும், குழாய்களைப் பராமரிப்பதற்கும் ஆகும் செலவு தனி.

அதோடு, ஜோகூர் நீரை மட்டும் நம்பியிருக்க முடியாது. 1961ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2011இல் முடிந்துவிட்டது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061இல் முடியும். ஒப்பந்தம் இருந்தாலும் மழை பெய்ய வேண்டுமே! ஜோகூர் ஆற்றுக்கு நீர் தரும் லிங்கியூ நீர்த்தேக்கத்தின் அளவு 2016ஆம் ஆண்டு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. நம் மூத்தவர்களுக்கு 1963ஆம் ஆண்டு நினைவிருக்கும். அந்த ஏப்ரலில் தொடங்கிய தண்ணீர்ப் பங்கீடு 1964 பிப்ரவரி வரை நீடித்தது.

அந்த நிலை மீண்டும் வராமல் இருக்கத்தான் 2003ஆம் ஆண்டு புதுநீரும், 2005ஆம் ஆண்டு முதலாவது கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையும் வந்தன. இப்போது அத்தகைய ஆலைகள் ஐந்து உள்ளன. மழை வந்தாலும் வராவிட்டாலும் கடலில் தண்ணீர் உண்டு. ஆனால் உப்பைப் பிரிக்க மின்சாரம் வேண்டும். ஒரு கன மீட்டர் கடல்நீரைக் குடிநீராக்கச் சுமார் 3.5 யூனிட் மின்சாரம் செலவாகிறது. மழைநீரைச் சுத்திகரிக்க ஆவதைவிட இது பல மடங்கு அதிகம்.

2000ஆம் ஆண்டுக்குப் பிறகு 17 ஆண்டுகள் மாறாமல் இருந்த கட்டணம், 2017, 2018ஆம் ஆண்டுகளில் இரண்டு கட்டமாக 30 விழுக்காடு உயர்ந்து 2.74 வெள்ளி ஆனது. 2024இல் 20 காசும், 2025இல் 30 காசும் கூடியது. காரணம் புரிந்தாலும் சுமை சுமைதான். தகுதி பெறும் வீவக குடும்பங்களுக்குக் கிடைக்கும் யூ-சேவ் தள்ளுபடி அதன் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. ஆனால் எந்தத் தள்ளுபடியும் ஒழுகும் குழாயை அடைத்துவிடாது.

சத்தமில்லாமல் ஓடும் தண்ணீர்

கட்டணம் திடீரென்று உயர்வதற்குப் பல வீடுகளில் காரணம் மனிதர்கள் இல்லை. கழிப்பறையில் உள்ள ஃபிளஷ் தொட்டிதான். உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டால், தண்ணீர் மெல்லிய இழையாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். சத்தம் கேட்காது. தரை நனையாது.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 288 லிட்டர். அது இரண்டு பேர் பயன்படுத்தும் அளவு. மாதத்துக்கு எட்டரை கன மீட்டருக்கு மேல் ஆகும். தொகை சுமார் 28 வெள்ளி. அந்த 28 வெள்ளிக்காகப் பணிப்பெண்ணின் குளியல் நேரத்தைக் கணக்கெடுத்தால் அது எவ்வளவு அநியாயம்!

கண்டுபிடிப்பது எளிது. கேசரிப் பவுடரை ஒரு சிட்டிகை எடுத்து ஃபிளஷ் தொட்டியில் போடுங்கள். அரை மணி நேரம் யாரும் கழிப்பறையைப் பயன்படுத்தக்கூடாது. அதற்குள் கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் தொட்டி கசிகிறது என்று பொருள்.

மற்றொரு வழி, இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரில் உள்ள எண்களைக் குறித்துக்கொள்வது. கறுப்பு எண்கள் கன மீட்டரைக் காட்டும். சிவப்பு எண்கள் அதற்கும் குறைந்த அளவைக் காட்டும். யாரும் தண்ணீரைப் பயன்படுத்தாத நிலையில், காலையில் சிவப்பு எண்கள் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. வீட்டுக்குள் இருக்கும் குழாய்களைச் சரிசெய்வது வீட்டுக்காரரின் பொறுப்பு. உரிமம் பெற்ற பிளம்பரை அழையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பழைய மீட்டர் உள்ள வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் மீட்டரைப் படிக்கிறார்கள். இடைப்பட்ட மாதத்தில் வருவது மதிப்பீடு. ஒரு மாதம் மதிப்பீடு குறைவாக இருந்தால், அடுத்த மாதம் மொத்தமும் சேர்ந்து வரும். எனவே சண்டை போடும் முன், பட்டியலில் இருப்பது மதிப்பீடா, மீட்டர் அளவா என்று பாருங்கள். எஸ்பி குழுமத்தின் செயலி மூலம் நீங்களே மீட்டர் அளவைத் தெரிவிக்கவும் முடியும்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா?

குடிக்கலாம். பொதுப் பயனீட்டுக் கழகம் விநியோகிக்கும் தண்ணீர், உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி அளவுகளுக்கு உட்பட்டது. கொதிக்க வைத்துக் குடிக்கும் பழக்கம் இருந்தால் தவறில்லை, ஆனால் கட்டாயமில்லை. புதுநீரின் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குத்தான் போகிறது. ஒரு பகுதி நீர்த்தேக்கங்களில் கலந்து, மீண்டும் ஒரு முறை சுத்திகரிக்கப்பட்ட பிறகே நம் வீட்டுக்கு வருகிறது.

தண்ணீர் பால்போல் வெண்மையாக வந்தால், அது காற்றுக் குமிழிகள். ஒரு குவளையில் பிடித்து வைத்தால் சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். லேசான மருந்து வாசனை, குழாயில் கிருமி வளராமல் இருக்கச் சேர்க்கப்படும் கிருமிநாசினியால் வருவது. பழுப்பு நிறத்தில் வந்தால், அருகில் குழாய்ப் பணி நடந்திருக்கலாம், அல்லது வீட்டில் உள்ள பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்திருக்கலாம். சில நிமிடம் திறந்து விட்டும் தெளியவில்லை என்றால் அக்கம்பக்கத்தாரிடம் கேளுங்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்றால், புளோக்கின் மேல்மாடித் தொட்டிகளைப் பராமரிக்கும் நகர மன்றத்திடமும் கழகத்திடமும் தெரிவியுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் பிளம்பர்தான் பார்க்க வேண்டும்.

கதவைத் தட்டும் விற்பனையாளர்

இந்தப் பயத்தை முதலாக்கிப் பிழைப்பவர்களும் உண்டு. இரண்டு குவளைகளைக் கொண்டு வருவார்கள். ஒன்றில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றொன்றில் அவர்கள் வடிகட்டியில் பிடித்த தண்ணீர். மின்சாரம் பாயும் உலோகக் கம்பிகளை உள்ளே விடுவார்கள். குழாய்த் தண்ணீர் சேறுபோல் ஆகிவிடும். "அம்மா, இதைத்தான் உங்கள் பேரப்பிள்ளைகள் குடிக்கிறார்கள்" என்பார்கள். தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் மனம் பதறாதா?

அந்தச் சேறு தண்ணீரில் இருந்தது அல்ல. கம்பியில் உள்ள இரும்பு கரைந்து வந்தது. தண்ணீரில் இயற்கையாக உள்ள தாது உப்புகள் மின்சாரத்தைக் கடத்துகின்றன. உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் பாயாததால் அது தெளிவாகவே இருக்கிறது. அழுக்குக்கும் இந்தச் சோதனைக்கும் தொடர்பே இல்லை.

பொதுப் பயனீட்டுக் கழகம் வீடு வீடாக வடிகட்டி விற்பதில்லை. கழகத்தின் பெயரைச் சொல்லி யாராவது வந்தால் அடையாள அட்டையைக் கேளுங்கள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டாலும் வழி உண்டு. அழைக்காமலே வீடு தேடி வந்து விற்றவரிடம் செய்துகொண்ட ஒப்பந்தத்தை, ஐந்து வேலை நாள்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யச் சட்டம் இடமளிக்கிறது. பயனீட்டாளர் சங்கத்திடமும் உதவி கேட்கலாம். வடிகட்டி வேண்டும் என்று நீங்களே முடிவு செய்து வாங்கினால், அதன் உள்வடிப்பானைக் காலம் தவறாமல் மாற்றுங்கள். மாற்றாத வடிகட்டியில்தான் கிருமி வளரும்.

இந்த மாதமே செய்யலாம்

அந்தப் பணத்துக்கு வேறு நல்ல செலவுகள் இருக்கின்றன. அரசாங்கம் ஒவ்வொரு வீவக குடும்பத்துக்கும் 2024இல் 300 வெள்ளியும், 2025இல் மேலும் 100 வெள்ளியும் பருவநிலைப் பற்றுச்சீட்டுகளாக வழங்கியது. தண்ணீரை மிச்சப்படுத்தும் ஷவர், குழாய், கழிப்பறைச் சாதனம் ஆகியவற்றை அவற்றைக் கொண்டு வாங்கலாம். 2027 இறுதி வரை அவை செல்லும். பெற்றோர் தனியாக இருந்தால் பிள்ளைகள் அவர்களுக்கு அதைப் பெற்றுக் கொடுங்கள்.

அடுத்த முறை அவர்களைப் பார்க்கப் போகும்போது ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரும் எடுத்துச் செல்லுங்கள். அரை மணி நேரத்தில் ஃபிளஷ் தொட்டியின் நிலை தெரிந்துவிடும். கட்டணத்துக்குப் பயந்து, ஈர ஒழுகலில் பாதிப் பணம் போவது தெரியாமலே, மூன்று நாளுக்கு ஒரு முறை குளிக்கும் முதியவர் நம்மிடையே ஒருவர்கூட இருக்கக்கூடாது.