கிணற்றின் மேல் முக்காலி: இழுப்பில் கவனம் தேவை

கோடையில் நீர் வற்றியதும் தூர் வாரக் கிணற்றின் மேல் இரும்பு முக்காலி நிறுத்துகிறோம். ஆள் இறங்கும் வேலை என்பதால் இதில் அலட்சியம் கூடாது.

மூன்று கால்களையும் கெட்டித் தரையில் சமமாக ஊன்ற வேண்டும். விரிசல் கண்ட கைப்பிடிச் சுவர் உதவாது. பாரம் ஏறினால் கால்கள் விரியும். எனவே பாதங்களைச் சங்கிலியால் சுற்றிப் பிணையுங்கள்.

பலரும் கவனியாதது இழுப்பு. 60 கிலோ ஆளைத் தூக்கும்போது, இழுவிசையும் சேர்ந்து உச்சிக் கப்பியில் ஏறக்குறைய 120 கிலோ விழும். எட்ட நின்று பக்கவாட்டில் இழுத்தால் முக்காலியே அந்தப் பக்கம் சாயும். டிராக்டரில் கட்டி இழுப்பதைக் கண்டால் நெஞ்சு பதறுகிறது! காலிலேயே பொருத்திய கைவின்ச்தான் சிறந்தது.

இறங்குபவருக்கு இடுப்புக் கயிறு போதாது. தோள், தொடையைத் தாங்கும் பட்டை வேண்டும். அதைக் கடைசிவரை அவிழ்க்கக் கூடாது. விஷவாயுவில் மயங்கினாலும் மேலிருந்தே தூக்கிவிடலாம். காப்பாற்ற இன்னொருவர் இறங்கினால் அவரும் மயங்குவார். இரண்டாவது காப்புக் கயிற்றை முக்காலியில் அல்ல, உறுதியான மரத்தில் கட்டுங்கள்.

ஆளை இறக்குமுன், அவரைவிடக் கனமான மணல் மூட்டையை ஒருமுறை இறக்கி ஏற்றிக் கால்கள் நகர்கின்றனவா என்று பாருங்கள்.