மூன்று இரவுக் கப்பற் பயணம்: முதன்முறை செல்வோருக்கு ஏற்றதுதானா?

மார்கழிக் குளிர் கடுமையாகி, கென்னடி வீதியில் 43ஆம் இலக்க பஸ்ஸுக்குக் காத்து நிற்போர் கைகளைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொள்ளும் நாட்களிலேயே பயண முகவர்களின் உல்லாசக் கப்பல் விளம்பரங்களும் வரத் தொடங்குகின்றன. நீலக் கடல், வெள்ளைக் கப்பல், மூன்று இரவுகள், கண்ணைக் கவரும் சிறியதொரு தொகை. டோர்செட் பார்க்கின் தொடர்மாடிகளில் வாழும் எம்மவர் குடும்பங்கள் பல, தாய் தந்தையரின் அறுபதாம் கல்யாணத்தை முன்னிட்டோ பிள்ளையின் பட்டமளிப்பை முன்னிட்டோ, முதற்றடவையாக இத்தகைய பயணமொன்றை எண்ணிப் பார்க்கின்றன. "முதலில் சிறிதாகப் போய்ப் பார்ப்போம், பிடித்தால் அடுத்த முறை ஒரு கிழமை போவோம்" என்பதே பெரும்பாலானோரின் கணக்கு. கணக்கு நியாயமானதே. எனினும் அது புளோரிடாவில் வாழ்வோருக்காகப் போடப்பட்ட கணக்கு. ரொறன்ரோவிலிருந்து புறப்படுவோருக்கும், அதிலும் அகதிகளாக இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தோருக்கும், அதனை நாம் வேறு விதமாகப் போட்டுப் பார்த்தல் வேண்டும்.

மயாமி, கானவெரல் முதலிய துறைமுகங்களிலிருந்து புறப்படும் மூன்று இரவுப் பயணங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகல் தொடங்கித் திங்கட்கிழமை அதிகாலையில் முடிவடைகின்றன. பகாமாஸ் தீவுகளின் தலைநகரான நசோ, மயாமியிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தூரத்திலேயே உள்ளது. கப்பல் இரவெல்லாம் மெதுவாகச் சென்று காலையில் அங்கு சேரும். மறுநாள் நிறுவனத்துக்கே உரிய தீவொன்றில் தரித்து நிற்கும், அல்லது கடலிலேயே நிற்கும். ஆக, மூன்று இரவு என்பது இரண்டு முழுப் பகல்களே. முதல் நாள் பெட்டிகளுடன் வரிசையில் நிற்பதிலும் கப்பலுக்குள் வழி தேடுவதிலும் கழியும். கடைசி நாள் காலையுணவு முடிந்ததும் இறங்க வேண்டியதுதான்.

இனி எமது பக்கத்துச் செலவைப் பார்ப்போம். கப்பல் எவருக்காகவும் காத்து நிற்பதில்லை. குளிர்காலத்தில் பனிப்புயல் வீசினால் பியர்சன் விமான நிலையத்தில் விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். ஆதலின் கப்பல் புறப்படும் நாளிலேயே ரொறன்ரோவிலிருந்து பறப்பது அறிவுடைமையன்று. முதல் நாளே சென்று ஒரு விடுதியில் தங்குதல் வேண்டும். அவ்வாறாயின் இரண்டு பகல் இன்பத்துக்கு ஐந்து நாட்கள் செலவாகின்றன. மணிக்கூலிக்கு வேலை செய்யும் ஒருவருக்கு இவ்வைந்து நாட்களும் சம்பளமற்ற நாட்கள். நால்வர் கொண்ட குடும்பமொன்றின் விமானச்சீட்டுச் செலவு கப்பற் கட்டணத்தையே விஞ்சிவிடவுங் கூடும்.

விளம்பரத்தில் காணப்படும் தொகையும் முழுத்தொகை அன்று. அது பெரும்பாலும் அமெரிக்க டொலரில், ஓர் அறையில் இருவர் தங்குவதாகக் கொண்டு, ஒருவருக்கென, சாளரமற்ற உள்ளறைக்குக் குறிக்கப்படுவது. துறைமுக வரிகளும், பணியாளருக்கான அன்பளிப்பாக நாளொன்றுக்கு ஒருவருக்கு 15 முதல் 20 டொலர் வரையிலான தொகையும் அதனுடன் சேரும். குடிவகை, இணைய இணைப்பு, கரையில் சுற்றிப் பார்த்தல் என்பன வேறு. சாதாரண உணவும் அரங்க நிகழ்ச்சிகளும் கட்டணத்துக்குள் அடங்கும்.

ஆகவே எமது துணிபு இது: ரொறன்ரோவிலிருந்து போவதாயின் மூன்று இரவிலும் நான்கு இரவே மேல். திங்கள் தொடங்கி வெள்ளி முடியும் நான்கு இரவுப் பயணங்கள் மூன்று முழுப் பகல்களைத் தருகின்றன. வார இறுதியில் நண்பர் கூட்டமாக வந்து விடியும்வரை ஆடிப் பாடுவோரின் ஆரவாரமும் அவற்றில் குறைவு. வயோதிபப் பெற்றோருடன் செல்வோருக்கு இது சிறிய விடயமன்று. முன்னர் பழைய, சிறிய கப்பல்களையே குறுகிய வழிகளில் விடுவது வழக்கமாயிருந்தது. 2024 ஜூலையில் 'யூட்டோப்பியா ஒஃப் த சீஸ்' என்னும் புதிய கப்பல் கானவெரலிலிருந்து மூன்று, நான்கு இரவுப் பயணங்களுக்கே விடப்பட்டது. அறைக்கு இருவர் என்ற கணக்கிலேயே அது 5,600 பேருக்கு மேல் கொள்ளக்கூடியது. எமது ஊர்கள் சிலவற்றின் முழுச் சனத்தொகையும் அதற்குள் அடங்கும். முழங்கால் நோவுள்ள ஒரு தாயாருக்கு அத்தகைய கப்பலில் உணவு மண்டபத்துக்கு நடந்து போய் வருவதே ஒரு பயணமாகிவிடும்.

உணவைப் பற்றி எல்லோரும் கேட்கின்றனர். பெரிய கப்பல்களில் இந்திய மரக்கறி உணவு உண்டு. பதிவு செய்யும்போதே சொல்லி வைத்தால் நல்லது. பருப்பு, சோறு, ஏதோவொரு குழம்பு கிடைக்கும். யாழ்ப்பாணத்துக் கறித்தூளின் மணத்தை அங்கு எதிர்பார்த்தல் வீண். புட்டும் சம்பலும் பொதி கட்டிக்கொண்டு போகலாம் என்று எண்ணுவோர், வீட்டில் சமைத்த உணவைப் பெரும்பாலான நிறுவனங்கள் கப்பலில் ஏற்ற விடுவதில்லை என்பதை அறிதல் வேண்டும். தீ அபாயம் கருதிச் சோறாக்கும் மின்பானை, கேத்தல், ஸ்திரிக்கைப் பெட்டி ஆகியனவும் வாயிலிலேயே பறித்து வைக்கப்படும். சேலையை வீட்டிலேயே அழுத்தி மடித்துக் கொண்டு போவது உத்தமம்.

இவையெல்லாம் வசதி பற்றியவை. எம்மவர்க்கு இவற்றிலும் பெரிய கேள்வி கடதாசிகளைப் பற்றியது.

கனடியக் குடியுரிமை பெற்றோருக்குச் சிக்கலில்லை. செல்லுபடியாகும் கடவுச்சீட்டு இருந்தாற் போதும். நிரந்தர வதிவிட உரிமை மட்டுமே உள்ளோருக்கு, அவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பினும் நீலநிற அகதிப் பயணப் பத்திரம் வைத்திருப்பினும், அமெரிக்க விசா வேண்டும். இங்கு ஒரு நுணுக்கம் உண்டு. புளோரிடாவில் ஏறிப் பகாமாஸ் சென்று புளோரிடாவுக்கே திரும்பும் பயணத்தில் அமெரிக்காவுக்குள் இரு தடவை நுழைகின்றோம். ஆதலின் ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவை நம்பிப் புறப்படலாகாது. கப்பல் தரிக்கும் ஒவ்வொரு நாடும் எமது பத்திரத்தை ஏற்குமா என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுதல் வேண்டும். முகவர் வாயால் சொல்லும் "பிரச்சினையில்லை" துறைமுக வாயிலில் செல்லாது. வன்கூவரிலிருந்து புறப்படும் அலாஸ்காக் கப்பல்களில் ஏறினால் இத்தொல்லை இல்லையென்று சிலர் எண்ணுகின்றனர். அலாஸ்காவும் அமெரிக்காவே.

அகதிக் கோரிக்கை இன்னும் விசாரணையில் இருப்போர் இப்பேச்சையே விட்டுவிட வேண்டும். வழக்கு முடியுமுன் நாட்டை விட்டு நீங்கினால் கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படலாம். திரும்பி உள்ளே வரும் வழியும் அடைபடலாம். மூன்று நாள் உல்லாசத்துக்காக உயிர்ப்பாதுகாப்பைப் பணயம் வைப்பார் இலர். ஆனால் உறவினர் எல்லோருமாகப் புறப்படும் வேளையில் "கப்பல்தானே, திரும்பி வந்துவிடுமே" என்று அழைப்போர் உளர். அவர்களுக்காகவே இதனைச் சொல்கின்றோம்.

அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தர வதிவிட உரிமையும் பெற்று, குடியுரிமை பெறாதிருப்போரின் நிலை மறைவான ஆபத்து உடையது. குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி, ஒருவர் தாமாக முன்வந்து சொந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடினார் என்று முடிவு செய்யப்பட்டால் அவரது அகதிப் பாதுகாப்பு அற்றுப்போகும். 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் பின், அத்துடன் நிரந்தர வதிவிட உரிமையும் சேர்ந்தே போகும். இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்தலும் அதைக் கொண்டு பயணஞ் செய்தலும் இதற்குச் சான்றாகக் காட்டப்படலாம். 2022இல் கமாயோ என்பவரின் வழக்கில் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம், கடவுச்சீட்டைப் பயன்படுத்தியவர் அதன் விளைவை அறிந்திருந்தாரா, அவரது நோக்கம் யாது என்பவற்றையெல்லாம் ஆராய்ந்தே முடிவுக்கு வருதல் வேண்டும் என்று கூறியது. அத்தீர்ப்பு ஓரளவு ஆறுதல் தருவது. எனினும் விசாரணை மண்டபத்தில் நின்று அந்த ஆறுதலைத் தேடிக்கொள்ளும் நிலைக்கு எவரும் செல்லாதிருப்பதே நன்று.

இந்த ஆபத்து புளோரிடாவிலும் பார்க்கச் சென்னையில் நெருங்கி நிற்கிறது. ஊருக்குப் போக முடியாதோர் தமிழகத்துக்குச் சென்று, யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பெற்றோரை அங்கு சந்திப்பது எமது குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட கோர்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களைத் தொட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 'செரியபாணி' என்னும் பயணிகள் கப்பல் ஓடியது. 2024 ஓகஸ்ட் 16ஆம் திகதி 'சிவகங்கை' அதன் இடத்தை எடுத்தது. சென்னையில் நின்றுகொண்டு இப்படியொரு பயணத்தைக் கேள்விப்படும் ஒருவருக்கு மனம் அலைபாயாதிருக்குமா? சில மணித்தியாலம் கரையிறங்கி, கீரிமலைப் பக்கத்துக் காற்றை முகர்ந்துவிட்டு வந்தாலென்ன என்று தோன்றும். அகதிப் பயணப் பத்திரம் இலங்கைக்குச் செல்லுபடியாவதில்லை. இலங்கைக் கடவுச்சீட்டில் இறங்கினாலோ, மேற்சொன்ன 108ஆம் பிரிவுக்கு நாமே சான்றொன்றை எழுதிக் கொடுத்ததாகும். குடியுரிமை கைக்கு வந்த பின் அப்பிரிவு எம்மைத் தொடாது. அதுவரை பொறுத்தல் வேண்டும்.

காப்புறுதியைப் பற்றி ஒரு சொல். ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதி வெளிநாட்டு மருத்துவமனைக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 டொலரே கொடுக்கும். அவசர நோயாளியைக் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டு வருவதற்கே பல்லாயிரம் டொலர் செல்லும். தனியார் பயணக் காப்புறுதியின்றிப் பெற்றோரைக் கப்பலில் ஏற்றுவது தகாது.

முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டிகள் எதிலும் காணப்படாத ஒன்று இன்னும் உண்டு. அவை "முதற் கப்பற் பயணம்" என்கின்றன. எம்மவர் பலருக்கு அது முதற் பயணமன்று. 1983 ஜூலைக் கலவரத்தின் பின் கொழும்பிலிருந்து 'லங்கா கல்யாணி' முதலான கப்பல்களில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கியோர் எம்மிடையே உள்ளனர். தொண்ணூறுகளில் கிளாலிக் கடல்நீரேரியை இருளில் வள்ளத்தில் கடந்தோர் எத்தனையோ பேர். 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் இரு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டனர். 2009 ஒக்டோபரில் 'ஓஷன் லேடி'யில் 76 பேரும், 2010 ஓகஸ்டில் 'சன் சீ'யில் 492 பேரும் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையை அடைந்தனர்.

இத்தகைய ஒருவரை நாம் உல்லாசக் கப்பலில் ஏற்றும்போது, மலிவான சாளரமற்ற உள்ளறை அவருக்கு மலிவாக இராது. புறப்படுமுன் பாதுகாப்புப் பயிற்சியின்போது ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியுமாகச் சங்கு ஊதப்படும். அதனை முன்கூட்டியே சொல்லி வைத்தல் வேண்டும். பிள்ளைகள் ஆசையோடு சீட்டு வாங்கிக் கொடுத்துத் திடீர் மகிழ்ச்சி தர விரும்புவர். இவ்விடயத்தில் தாய் தந்தையரிடம் முதலில் கேட்பதே முறை. சிலர் மறுப்பர். சிலரோ, பயமின்றி ஒரு தடவை கடலைப் பார்க்கவேண்டும் என்று தாமே விரும்புவர்.

கடல் ஒத்துக்கொள்ளுமா என்று சோதித்துப் பார்ப்பதுதான் குறுகிய பயணத்தின் நோக்கமாயின், அச்சோதனைக்குப் புளோரிடா வரை போகவேண்டியதில்லை. ரொறன்ரோத் தீவுகளுக்குச் செல்லும் படகு ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு அதுவே போதும். கனனோக்வேயில் ஆயிரம் தீவுகளைச் சுற்றிக் காட்டும் படகுகள் உள. அவற்றுள் போல்ட் கோட்டையில் இறங்கும் பயணத்தை அகதிக் கோரிக்கையாளர் தவிர்த்தல் வேண்டும். அக்கோட்டை நிற்கும் தீவு நியூயோர்க் மாநிலத்துக்குரியது. அங்கு காலடி வைப்பது அமெரிக்காவுக்குள் நுழைவதாகும்.

யாவரிலும் எமக்குப் பிடித்தது ரொபமோரியிலிருந்து மனிற்றூலின் தீவின் சவுத் பேமவுத்துக்குச் செல்லும் 'சீ-சீமோன்' கப்பலே. ஒஜிப்வே மொழியில் அப்பெயருக்குப் 'பெரிய ஓடம்' என்று பொருள். 1974இல் சேவைக்கு வந்த அக்கப்பல் வைகாசி முதல் ஐப்பசி நடுப்பகுதி வரை ஓடுகிறது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலப் பயணம், காரையும் உள்ளே ஏற்றலாம், உணவுச்சாலையும் உண்டு. பயணம் முழுவதும் ஒன்ராறியோவின் நீரிலேயே நடைபெறுவதால் விசாவும் கடவுச்சீட்டும் கேட்பார் இல்லை. அகதிக் கோரிக்கையாளரும் குடியுரிமையாளரும் ஒரே குடும்பமாகச் செல்லலாம். டோர்செட் பார்க்கிலிருந்து ரொபமோரிக்குக் காரில் நான்கு மணித்தியாலம் அளவாகும். கோடை வார இறுதிகளில் இடம் விரைவில் நிரம்பிவிடும்; காருடன் செல்வோர் முன்பதிவு செய்து, புறப்படும் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னரே துறையில் நிற்பது நல்லது. கரை மறைந்த பின் காற்று குளிராயிருக்கும். ஆடியிலும் பெற்றோருக்கு ஒரு கம்பளிச் சட்டை எடுத்துச் செல்க.