மகளுக்காகப் பிறந்தது... நிலா வரை பறந்தது!

குட்டீஸ்... பாட்டு என்றால் வரிகள் இருக்க வேண்டும்தானே? ஒரு வரி கூட இல்லாமல், மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஓர் இசை, உலகையே மயக்கியது. அதோடு விடவில்லை. விண்கலத்தில் ஏறி, நிலா வரை போய்த் திரும்பியது! அதன் கதையைக் கேளுங்கள்.

பல் போச்சு... விரல் போச்சு!

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், பென்ஸ்ஃபோர்டு என்று ஒரு கிராமம். அங்கே 1929ல் பிறந்தவர் பெர்னார்ட் ஸ்டான்லி பில்க். எல்லாரும் அவரை, 'ஆக்கர்' என்றே கூப்பிட்டனர். அந்த ஊர்ப் பேச்சில், 'ஆக்கர்' என்றால் நண்பன்.

மகன் பியானோ கற்க வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. ஆக்கரோ கொஞ்ச நாளிலேயே அதை விட்டுவிட்டார். பள்ளியில் போட்ட சண்டையில், முன்பற்கள் இரண்டு போயின. பனியில் சறுக்கும் வண்டியில் விளையாடியபோது நடந்த விபத்தில், ஒரு விரலின் நுனி போனது. இப்படிப்பட்ட சுட்டிப் பையன், இசைக் கலைஞர் ஆவார் என்று யார் நினைத்திருப்பர்?

ஜெயிலில் கற்ற பாடம்!

அந்தக் காலத்தில், இங்கிலாந்து இளைஞர்கள் கட்டாயமாக ராணுவத்தில் சேர வேண்டும். ஆக்கரை, எகிப்து நாட்டின் சூயஸ் கால்வாய்ப் பகுதிக்கு அனுப்பினர். அங்கே நண்பர் ஒருவர், கடைத்தெருவில் கிளாரினெட் வாங்கி வைத்திருந்தார். அது ஆக்கர் கைக்கு வந்தது.

நாதஸ்வரத்தில் சீவாளி இருக்கும் அல்லவா? அதுபோல கிளாரினெட்டிலும், மெல்லிய நாணல் பட்டை ஒன்று இருக்கும். ஊதும்போது அது அதிர்ந்தால்தான் சத்தம் வரும். நண்பரின் கிளாரினெட்டில் அந்தப் பட்டையே இல்லை! நண்பர் என்ன செய்திருந்தார் தெரியுமா? ஒரு மரத்துண்டைக் கொண்டு, தானே பட்டை செய்திருந்தார்.

ஒருநாள், காவல் பணியில் இருந்தபோது தூங்கிவிட்டார். மூன்று மாதம் ராணுவச் சிறை! அங்கே பொழுது போக வேண்டுமே... கிளாரினெட்டை ஊதி ஊதிப் பழகினார்.

கிளாரினெட் வாசிப்பவர்கள், மேல் முன்பற்களை அதன் வாய்ப்பகுதியில் பதித்து ஊதுவர். விரல்களால் துளைகளை மூடுவர். ஆக்கருக்கோ பல்லும் இல்லை. ஒரு விரல் நுனியும் இல்லை. ஆனால், இவ்விரண்டாலும்தான் தன் வாசிப்பு தனி மாதிரியாக அமைந்தது என்பார் அவர். தாழ்ந்த குரலில், மூச்சு நடுங்குவது போன்ற அந்த இசையைக் கேட்டதுமே, 'இது ஆக்கர்தான்!' என்று சொல்லிவிடலாம்.

பெயர் மாறிய இசை!

ஊர் திரும்பியவர், இசைக்குழு அமைத்தார். வட்டத் தொப்பியும், கோடு போட்ட கைகளில்லாத கோட்டும் அவரது அடையாளம் ஆயின. தன் செல்ல மகள் ஜென்னிக்காக ஓர் இசையை உருவாக்கி, அதற்கு, 'ஜென்னி' என்றே பெயர் வைத்தார்.

பின்னணியில் வயலின்கள் மெதுவாக ஒலிக்க, முன்னால் கிளாரினெட் தனியாகப் பேசும். கடற்கரையில் ஒருவர் தனியே நடப்பது போல் இருக்கும். 1961ல், பி.பி.சி., தொலைக்காட்சி, சிறுவர் தொடர் ஒன்றைத் தயாரித்தது. பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்கு வரும் இளம்பெண்ணின் கதை அது. அதற்கு இந்த இசை அப்படியே பொருந்தியது. அதனால், தொடரின் பெயரே இசைக்கும் பெயரானது. 'ஸ்ட்ரேஞ்சர் ஆன் தி ஷோர்!' அதாவது, 'கரையில் ஓர் அந்நியர்!'

இங்கிலாந்தில் விற்பனைப் பட்டியலில், 55 வாரங்கள் இடம்பிடித்தது. 1962 மே மாதம், அமெரிக்காவிலும் முதலிடம்!

நிலாவுக்குப் பயணம்!

1969 மே மாதம், 'அப்பல்லோ 10' விண்கலத்தில், மூன்று வீரர்கள் நிலாவுக்குக் கிளம்பினர். மனிதன் நிலாவில் இறங்குவதற்கு முன் நடந்த கடைசி ஒத்திகை அது. அவர்களில் ஒருவரான ஜீன் செர்னன், வழியில் கேட்பதற்காகக் கொண்டுபோன கேசட்டில், ஆக்கரின் இந்த இசையும் இருந்தது!

ஆக்கர், 2014ல், 85ம் வயதில் காலமானார். மகளுக்காக வாசித்த இசை மட்டும், இன்றும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அடுத்த முறை எங்கேனும் கிளாரினெட் இசை கேட்டால், சிறையில் ஊதி ஊதிப் பழகிய அந்த இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள், குட்டீஸ்!