கூம்பு விழியும் கண்ணுக்குள் வைக்கும் வில்லையும்

மூக்குக்கண்ணாடியை அடிக்கடி மாற்றியும் உங்கள் பிள்ளைக்குப் பார்வை தெளியவில்லையா? ஒரு விளக்கு இரண்டு மூன்றாகத் தெரிகிறது, எழுத்துக்களுக்கு நிழல் விழுகிறது என்று சொல்கிறாளா? எனக்கு 18 வயதில் தொடங்கிய குறிகளும் இவைதான். "அடுப்புப் புகையில நிண்டு, அழுதழுது வந்த குறை" என்றார்கள் அயலவர்கள். அப்படியல்ல.

எமது கண்ணின் முன்புறத்திலுள்ள ஒளி ஊடுபுகும் பகுதி விழிவெண்படலம். சிலருக்கு இளவயதில் அது மெலிந்து, கூம்புபோல முன்தள்ளுகிறது. இதை வைத்தியர்கள் கெரற்றோகோனஸ் என்பர். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்புக் கூட. கண்ணைக் கசக்குவது நோயை மோசமாக்கும். ஆகவே கண் கடித்தால் கசக்காமல் அதற்குரிய மருந்தைப் பெறுங்கள்.

சிகிச்சையில் இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, கூம்பு வளராமல் தடுப்பது. விற்றமின் பி2 துளிகளை விட்டு, புற ஊதாக்கதிர் பாய்ச்சிப் படலத்தை இறுக்குவார்கள். ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகர வைத்தியர்கள் இதன் முதல் பெறுபேறுகளை 2003 இல் வெளியிட்டனர். இரண்டாவது, பார்வையைத் திருத்துவது. ஆரம்பத்தில் கண்ணாடி போதும். பின்னர் கடினமான கொன்ராக்ட் லென்ஸ் தேவைப்படலாம். பலருக்கு அதுவே மிகத் தெளிவான பார்வையைத் தரும். ஆனால் கையும் நீரும் சுத்தமாக இருக்க வேண்டும். புழுதியில் வேலை செய்வோருக்கு அது சிரமம்.

கண்ணுக்குள் வைக்கும் வில்லை இந்த இடத்தில்தான் வருகிறது. எமது இயற்கை வில்லையை எடுக்காமல், அதற்கு முன்னால், கதிராளிக்குப் பின்னால் ஒரு மெல்லிய வில்லையைச் செருகுவார்கள். தேவைப்பட்டால் அதை வெளியே எடுக்கவும் முடியும். சாதாரண கிட்டப்பார்வைக்குச் செய்யும் லேசர் சிகிச்சை படலத்தை மேலும் மெலியச் செய்வதால் எம்மைப் போன்றவர்களுக்கு ஏற்றதல்ல.

ஆனால் இந்த வில்லை கூம்பைத் தட்டையாக்காது, நோயையும் நிறுத்தாது. கண்ணாடி போட்டால் எவ்வளவு தெளிவாகத் தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவையே அது தரும். எனது வலக் கண் கண்ணாடியுடன் அட்டையின் கீழ் வரிகளை வாசித்தது. நோய் நிலைத்துவிட்டதை உறுதிசெய்த பின்னரே அதில் வில்லை வைத்தார்கள். இப்போது தையலூசியில் நூலைக் கோர்க்கிறேன். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது. இடக் கண்ணின் படலம் மிகவும் கோணல். கண்ணாடியால் பயனில்லாத அந்தக் கண்ணுக்கு வில்லை வேண்டாம் என்றார்கள். அதற்கு இன்றும் கடின லென்ஸ்தான்.

சகோதரிகளே, தாலிக்கொடியை அடகு வைக்க முன்னர் வைத்தியரிடம் இவற்றைக் கேளுங்கள்:

* நோய் வளர்வது நின்றுவிட்டதா? அதை எந்தப் பரிசோதனை காட்டுகிறது?
* கண்ணாடியுடன் இந்தக் கண் எவ்வளவு பார்க்கிறது?
* வில்லை வைக்கக் கண்ணுக்குள் போதிய இடம் உண்டா? படலத்தின் உட்பக்கக் கலங்கள் போதுமா?
* கண்புரை, கண் அழுத்தம், தொற்று ஏற்பட்டால் என்ன செய்வீர்கள்?
* பின்னரும் கண்ணாடி தேவைப்படுமா?

வில்லை வைத்த பின்னரும் வருடாந்தப் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது. நோவு, சிவப்பு, திடீர் மங்கல் ஏற்பட்டால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். செல் துண்டு பட்ட கண்ணின் கதை வேறு. அதற்குத் தனியான பரிசோதனை வேண்டும்.

படலம் தழும்பாகி எதுவும் உதவாத நிலையிலும் வழி உண்டு. இறந்தவர்கள் தானம் செய்த படலத்தைப் பொருத்தலாம். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய இலங்கைக் கண்தான சங்கம் பிற நாடுகளுக்கும் இவ்வாறு கண்களை அனுப்பி வந்திருக்கிறது.

முதலில் அரசாங்க வைத்தியசாலையின் கண் கிளினிக்கிற்குப் போங்கள். அங்கு பார்ப்பதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. பிள்ளையின் பழைய கண்ணாடித் துண்டுகளையெல்லாம் கொண்டுபோங்கள். இலக்கம் எவ்வளவு வேகமாக மாறியது என்பதை அவை வைத்தியருக்குக் காட்டும்.