புளியமரத்தில் உறங்கும் இனம்

சென்ற வாரம் வால்பாறைச் சோலைகளில் சிங்கவால் குரங்கைப் பார்த்தோம். எட்டாத மலை, அரிய விலங்கு. அது அருகி வருகிறது என்றால் எவரும் நம்பிவிடுவார்கள். இந்த வாரம் சொல்வதை நம்பத்தான் கடலூர், சிதம்பரம் வாசகர்கள் தயங்குவார்கள். ஓட்டைப் பிரித்துப்போட்டு, பிள்ளை கையிலிருக்கும் பிஸ்கட்டைப் பறித்துக்கொண்டு ஓடும் நம் நாட்டுக்குரங்கும் குறைந்துகொண்டே வருகிறது.

தீபகற்ப இந்தியா மட்டுமே இதன் தாயகம். புதுச்சேரி வரையிலான கிழக்குக் கரையோரத்தில் வாழ்வது வெளிர்வயிற்று உள்ளினம். 2008இல் நாட்டுக்குரங்கைக் குறித்துப் பெரிய கவலை வேண்டாம் என்றிருந்த பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், இப்போது அழியும் அபாயமுள்ள இனங்களோடு சேர்த்துவிட்டது. தென் கர்நாடகத்தில் 25 ஆண்டுகளில் 65 சதவீதத்துக்கும் மேல் சரிந்துவிட்டதாக 2017இல் ஓர் ஆய்வு வெளியானது.

இவ்வளவு வேகமாக ஏன்? பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே ஆயுள் முழுக்க இருக்கும். ஆண்கள்தான் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகும். ஈற்றுக்கு ஒரே குட்டி. அதனால் ஒரு கூட்டம் சிதைந்தால் எளிதில் மீளாது. இரவில் உறங்க உயரமான மரம் வேண்டும். ஆபத்து என்றால் தாவிப் போகக் கிளையோடு கிளை கோத்திருக்க வேண்டும். சமவெளியில் அப்படிப்பட்ட ஆலும் அரசும் புளியும் வரிசையாக நின்றது சாலையோரத்தில்தான். கன்னப் பைகளில் பழத்தை அடைத்துக்கொண்டு போய் விதையைத் துப்பி, புது மரங்களுக்கும் இது வழி செய்தது.

பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகத் தஞ்சாவூர் போகும் சாலையும், கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் போகும் சாலையும் நான்குவழியாக அகலமாயின. சாலை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மரம் போனபின் அதில் இருந்த கூட்டம் எங்கே போகும்? ஊருக்குள்தான். அங்கே அதற்குப் பெயர் 'தொல்லை'. பயிரை இழந்த விவசாயியின் கோபம் முழுக்க நியாயமானது. இழப்பீடு அவருக்குத் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். கூண்டு வைத்துப் பிடித்து வேறிடத்தில் விடுவது மட்டும் தீர்வல்ல. விட்ட இடத்தில் ஏற்கெனவே ஒரு கூட்டம் இருக்கும். இல்லையென்றால் பக்கத்து ஊருக்குத் தொல்லை இடம் மாறும். வடக்கே வேறோர் ஆபத்து: வட இந்தியச் செம்முகக் குரங்கு கோதாவரியைத் தாண்டித் தெற்கே பரவி, நாட்டுக்குரங்கின் இடத்தைப் பிடித்துவருகிறது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் நாட்டுக்குரங்கை முதல் அட்டவணையில் வைத்துள்ளது. சட்டம் குரங்கைக் காக்கும்; அது உறங்கும் மரத்தை யார் காப்பது? வெட்டிய ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்கிறார்கள். சரி, ஆனால் என்ன கன்று? சாலையின் நடுத்திட்டில் அரளி வைத்தால் எந்தக் குரங்கும் அதில் உறங்காது. மாவட்டப் பசுமைக் குழுவுக்கு மனு எழுதும் வாசகர்கள், ஆல், அரசு, புளி, நாவல் என்று மரத்தின் பெயர் சொல்லியே கேளுங்கள். சாலையோரத்தில் குரங்குக்கு வாழைப்பழம் வீசுவதையும் இன்றோடு விடுங்கள். அதைப் பொறுக்க வரும் குரங்குகள், குட்டி சுமக்கும் தாய்கூட, வண்டியில் அடிபடக்கூடும்.

(தொடரும்)