பள்ளியிற் பட்ட இழிவும் இறைபற்றும்

வகுப்பிலே வலியார் சிலர் மெலியான் ஒருவனைப் பட்டப்பெயரிட்டழைத்தும், அடித்தும், விளையாட்டிற் சேர்க்காது ஒதுக்கியும் நாள்தோறும் வருத்துதலைச் சிறுபிள்ளைக் குறும்பென்று ஆசிரியராகிய நாம் விட்டுவிடுகின்றோம். பள்ளி நீங்கியதும் அவ்வருத்தமும் நீங்கிவிடும் என்பது நம் எண்ணம். அது பிழை என்பதற்குப் பிரித்தானியாவிலே தக்க சான்று உளது.

1958ஆம் ஆண்டு மார்ச் மாதத்து ஒரு வாரத்தில் அங்குப் பிறந்த பிள்ளைகளை ஆய்வாளர் இன்றளவும் பின்தொடர்ந்து வருகின்றனர். அவருள் 7,771 பேர் பிற பிள்ளைகளால் வருத்தப்பட்டனரா என்பது, அவர்தம் 7ஆம், 11ஆம் வயதுகளிற் பெற்றோரிடம் கேட்டறியப்பட்டிருந்தது. அடிக்கடி வருத்தப்பட்டோரிடத்து, ஏறத்தாழ நாற்பதாண்டு கழிந்த பின்னரும், மனச்சோர்வும் பதகளிப்பும் தற்கொலை எண்ணமும் மற்றையோரினும் மிகுந்திருந்தமையை 2014இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று.

இத்தகையோர்க்கு இறைபற்று யாது செய்யும்? அமெரிக்க உளவியலார் கெனத் பார்கமென்ற், துன்பத்தின்கண் மாந்தர் சமயத்தை நாடும் நெறிகளை இருதிறப்படுத்துவர். இறைவன் உடனுளன் என்னுந் தெளிவும் அடியார் கூட்டுறவும் ஒருதிறம். இறைவன் ஒறுக்கின்றான், கைவிட்டான் என்னும் ஏக்கம் மற்றொன்று. முன்னது உளநலத்தோடும் பின்னது சோர்வோடும் சேர்ந்து காணப்படும். சேர்ந்திருப்பது காரணமாகிவிடாது, சோர்ந்த உள்ளமே இறைவனை ஒறுப்பவனாகக் காணவுங்கூடும்.

நம்மவர் ஈண்டு ஆராயவேண்டுவது ஒன்றுண்டு. அழுதுவரும் பிள்ளைக்கு, "முன்வினைப் பயன், பொறுத்துக்கொள்" என்று கூறுகின்றோம். யானும் ஒருவனுக்கு அவ்வாறு கூறினேன். முப்பது வயது கடந்தபின் அவன் என்னைத் தேர்த்திருவிழாவிலே கண்டான். அன்று தொடக்கம் ஒவ்வோர் அடியும் தான் செய்த குற்றத்துக்கே விழுந்ததென்று நம்பியதாகவும், சந்நிதியில் நிற்கவும் கூசியதாகவும் சொன்னான். யான் மறுமொழியின்றி நின்றேன்.

சித்தாந்தத்தை யான் பாதியே சொல்லியிருந்தேன். நுகரப்படும் வினை பிராரத்தம்; அதனை நுகரும்போது புதிதாய் ஈட்டப்படுவது ஆகாமியம். அடிபட்டவனது பிராரத்தத்தைப் பேசிய யான் அடித்தவனது ஆகாமியத்தைப் பேசவில்லை. கண்டும் வாளாவிருந்த என்னுடையதையோ நினைக்கவுமில்லை. வினைக்கொள்கை அடிப்பவனை விடுவிப்பதன்று. தடுக்க வல்லானுக்கு ஓய்வு தருவதும் அன்று.

உறக்கமின்மையும் சாவெண்ணமும் உடையார்க்குக் கோயிலோடு வைத்தியரும் வேண்டும். அவற்றுள் ஒன்றை நாடுதல் மற்றொன்றில் நம்பிக்கையின்மை ஆகாது. அம்மாணவன் இப்பொழுது மாதந்தோறும் மனநல வைத்தியரிடம் செல்கின்றான். வெள்ளிக்கிழமைகளிற் கூட்டுப்பிரார்த்தனையில், பின்வரிசையில் அமர்ந்து பாடுகின்றான்.