கொழுக்கட்டை மாவும் கொதிநீரும்

கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசையும்போது அதிலுள்ள கிளையடின், குளூட்டெனின் என்னும் இரு புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, குளூட்டன் எனப்படும் இழுபடும் வலையாக மாறுவதால், அம்மாவைத் தாள்போல் விரிக்கவும் மடிக்கவும் முடிகிறது. அரிசியில் இத்தகைய வலையைப் பின்னும் புரதங்கள் இல்லை. ஆதலால் அரிசி மாவில் பச்சைத் தண்ணீர் விட்டு எத்தனை நேரம் பிசைந்தாலும் அது கிண்ணமாகக் குவிக்க வளைந்து கொடுக்காது. விரல் அழுந்திய இடத்திலேயே விண்டுபோகும். அப்படிப்பட்ட மாவிலிருந்து பூரணத்தின் நிறம் வெளியே தெரியுமளவுக்கு மெல்லிய கொழுக்கட்டைச் சொப்பைச் செய்ய முடிவதற்குக் காரணம் கொதிநீர். புரதம் செய்யாத வேலையை இங்கே மாவுச்சத்து செய்கிறது.

அரிசியின் மாவுச்சத்து, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 200-இல் ஒரு பங்கு அளவேயுள்ள நுண்மணிகளாக அமைந்திருக்கிறது. ஒவ்வொரு மணிக்குள்ளும் குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால், தளவிளைவுற்ற ஒளியில் நுண்ணோக்கி வழியே பார்க்கையில் மணிதோறும் ஒரு சிலுவை வடிவம் பளிச்சிடும். குளிர்ந்த நீரில் இம்மணிகள் சிறிதளவே ஈரம் ஏற்கின்றன. வெப்பம் 60 பாகை செல்சியஸைக் கடந்து, அரிசி ரகத்துக்கேற்ப 80 பாகை வரை உயரும்போது, அடுக்கு குலைந்து, மணிகள் நீரை உறிஞ்சிப் பன்மடங்கு பருக்கின்றன. நுண்ணோக்கியில் தெரிந்த சிலுவையும் மறைந்துவிடுகிறது. இம்மாற்றத்தைக் கூழாதல் என்பர். கூழான மணிகளிலிருந்து கசியும் சங்கிலிகளே, இன்னும் வேகாத மணிகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பசையாகின்றன.

மாவு கிளறும் முறை முழுவதும் இந்தப் பசையை அளவோடு உண்டாக்கும் முறைதான். ஒரு கப் மாவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கப் தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவிட்டு, சிறிது உப்பும் நல்லெண்ணெயும் சேர்த்து, மாவைத் தூவிக் கட்டி தட்டாமல் கிளறி, உடனே மூடிவைத்தால், அடைபட்ட சூட்டில் மணிகளில் ஒரு பகுதி கூழாகிறது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் பசை உருவாகாமல் சொப்பு வெடிக்கும். தண்ணீரின் அளவு மிகுந்தால் பசை பெருகி மாவு கையோடு வரும். கை பொறுக்கும் சூட்டிலேயே பிசைய வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்துவதற்கும் காரணம் உண்டு: ஆறும்போது சங்கிலிகள் மீண்டும் இறுகத் தொடங்குவதால், ஆறிய மாவு வழவழப்பை இழந்துவிடும். எண்ணெய் மாவின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, ஒட்டுவதையும் ஈரம் போவதையும் தடுக்கிறது.

எந்த அரிசி என்பதும் இங்கே முக்கியமானது. மாவுச்சத்தில் கிளையில்லாமல் நீளும் அமைலோஸ், கிளைவிட்டுப் பரந்த அமைலோபெக்டின் என இருவகைச் சங்கிலிகள் உள்ளன. சீனர்கள் விளக்குத் திருவிழாவில் செய்யும் தாங்யுவான் என்னும் இனிப்பு உருண்டைக்குரிய ஒட்டரிசியில் அமைலோஸ் 2 சதவீதத்தைத் தாண்டாததால், அது நீரில் வெந்தபின் மென்மையாக இழுபடுகிறது. தென்னிந்தியாவில் பரவலாக உண்ணும் பல ரகங்களிலோ அமைலோஸ் 25 சதவீதத்தை ஒட்டியோ மிஞ்சியோ இருக்கிறது. அமைலோஸ் மிகுந்த மாவு வடிவத்தை நன்கு காக்கும், ஆனால் விரைவில் விறைக்கும். அரைக்கும் விதமும் கணக்கில் சேரும். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் சற்றே இருக்கையில் அரைத்துச் சலிக்கும்போது மாவுச்சத்து மணிகள் அதிகம் சிதையாமல் நுண்ணிய மாவாகின்றன. உலர்ந்த அரிசியை அரைத்தால் உராய்வாலும் சூட்டாலும் அவை கூடுதலாக உடைகின்றன. உடைந்த மணி குளிர்ந்த நீரையே மிகுதியாக உறிஞ்சுமாதலால், ஒரு மாவுக்குப் பொருந்திய தண்ணீர் அளவு இன்னொன்றுக்குப் பொருந்துவதில்லை.

பூரணத்தில் வெல்லம் இருப்பதால் அது ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. சொப்பிலுள்ள நீரையும் மெல்ல இழுத்துத் தான் இளகும். தேங்காய்த் துருவலும் வெல்லமும் சட்டியில் ஒட்டாமல் திரளும்வரை கிளறுவதன் நோக்கம், நீரை முன்கூட்டியே போக்கி இப்படி இளகுவதைக் குறைப்பதாகும். வேகவைத்த கடலைப்பருப்போ, யாழ்ப்பாணத்தில் ஆடிப்பிறப்புக் கொழுக்கட்டையில் சேரும் வறுத்த பயறோ, எஞ்சிய பாகைத் தன்னுள் பிடித்துவைத்துக்கொள்கிறது.

சொப்பின் எஞ்சிய மணிகளைக் கூழாக்குவது ஆவி. நூறு பாகையிலுள்ள ஒரு கிராம் ஆவி குளிர்ந்து நீராகும்போது ஏறத்தாழ 540 கலோரி உள்ளுறை வெப்பத்தை விடுவிக்கிறது; அதே சூட்டிலுள்ள ஒரு கிராம் கொதிநீர் 60 பாகைக்கு ஆறும்போது தருவது 40 கலோரியே. கொழுக்கட்டையின் மேற்பரப்பில் ஆவி படிந்து இவ்வெப்பத்தைக் கொட்டுவதால், மெல்லிய சொப்பு பத்து நிமிடங்களில் வெந்து பளபளக்கிறது; நீரில் அலைக்கழிந்து கரையவும் நேர்வதில்லை.

வெந்த கொழுக்கட்டை மறுநாள் கல்லாவதற்கு, அது காய்ந்துபோவது மட்டும் காரணமன்று. குலைந்த சங்கிலிகள், முதலில் அமைலோஸும் பின்னர் அமைலோபெக்டினும், மீண்டும் நெருங்கி அடுக்காகின்றன. இது மீள்படிகமாதல் எனப்படும். உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது குளிர்பதனப் பெட்டியின் வழக்கமான சூட்டில்தான், இது மிக விரைவாக நடக்கிறது. அதற்காக வெளியே வைப்பதும் சரியன்று: அரிசியில் இயல்பாகக் காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் ஆவியிலும் மடியாமல், அறைச்சூட்டில் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடியவை. மிஞ்சியதை ஆறியவுடன் உறைபெட்டியில் வைத்து, உண்ணும்போது மீண்டும் ஆவியில் வைப்பதே ஏற்ற வழி. அமைலோபெக்டினின் அடுக்கு அச்சூட்டில் கலைந்து, மென்மை பெருமளவு திரும்பும்.

மாவு சரியாக வராதபோது பழி பெரும்பாலும் செய்பவரின் கைமேல் விழுகிறது. கையைவிட அரிசி ரகமும் அரைத்த முறையும் விளைவைத் தீர்மானிப்பதால், கொழுக்கட்டை மாவு விற்போர், எந்த ரகத்து அரிசி, ஊறவைத்து அரைத்ததா உலர அரைத்ததா, எவ்வளவு தண்ணீர் தேவை என்னும் மூன்றையும் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டும். வாங்குவோரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.